தனியாரின் முதுமை

2003 ஆகஸ்ட் 6ஆம் தேதி, தமிழ்நாட்டு அரசு ஊழியர்களைப் பற்றி இரண்டு ஆவணங்கள் வந்தன. ஒன்று தில்லியில். அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் செய்ததற்காக ஜெயலலிதா அரசு சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் வேலையைவிட்டு நீக்கியிருந்தது. அது தொடர்பான டி.கே. ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை, சட்டப்படியான உரிமை இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. இன்னொன்று சென்னையில். நிதித்துறையின் அரசாணை எண் 259. இனி வேலைக்குச் சேர்கிறவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான் என்றது அது. ஆகஸ்டில் வந்த ஆணை, ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்தே அமலுக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டது.

ஒரே நாளில் இரண்டும் வந்தது தற்செயலாகவே இருக்கட்டும். சேர்த்து வாசிக்க நமக்கு என்ன தடை?

பென்ஷன் விவாதம் என்றாலே நிதிப் பற்றாக்குறை, சதவிகிதம், சந்தை என்று நம்முடைய கண் தானாகவே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. அது பொருளாதாரக்காரர்களின் சமாச்சாரம், நமக்கு நாவலும் கவிதையும் போதும் என்று. ஆனால் யார் பேசுகிறார்கள், யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள், எந்தச் சொல்லை எடுத்துவிட்டு எந்தச் சொல்லை வைத்தார்கள் என்று கேட்பதுதானே வாசகனின் வேலை? அந்த வேலையை இந்த ஆவணங்களிடம் செய்து பார்க்கலாம். இருபது வருடங்களுக்கு மேலாக இங்கே நடந்துகொண்டிருக்கும் ஒரு பெரிய சண்டை, கடைசியில் சில சொற்களைப் பற்றியது என்றுதான் எனக்குப் படுகிறது.

*

முதல் சொல், பங்களிப்பு.

ஓய்வூதியம் என்பதில் ஊதியம் இருக்கிறது. ஊதியம் உழைப்புக்குக் கிடைப்பது. ஓய்ந்த பிறகும் அது வருகிறது என்றால், உழைத்த காலத்தில் கையில் கொடுக்காமல் நிறுத்திவைத்த கூலி என்றுதான் பொருள். சொல்லுக்குள்ளேயே ஒரு வாதம் இருக்கிறது. 1982 டிசம்பர் 17 அன்று வந்த நகாரா வழக்கின் தீர்ப்பு இதையேதான் விரித்து எழுதியது. நீதிபதி டி.ஏ. தேசாய் எழுதிய அந்தத் தீர்ப்பின் சாரம் இது: ஓய்வூதியம் எசமானன் மனமிரங்கிப் போடும் இனாம் அல்ல, செய்து முடித்த வேலைக்கான கொடுப்பனவு, உடம்பில் வலு இருந்தபோது உழைத்தவனை வயதான காலத்தில் தெருவில் விடமாட்டோம் என்ற உறுதி. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

இப்போது "பங்களிப்பு ஓய்வூதியம்" என்று சொல்லிப்பாருங்கள். சம்பளத்தில் 10 சதவிகிதம் நீ போடு, அதே அளவு அரசு போடும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரடை ஒரு காரியத்தைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. இதற்கு முன்னால் வாங்கியவர்கள் எல்லாம் பங்களிக்காமல் வாங்கியவர்கள் என்று ஆகிவிடுகிறது. முப்பத்தைந்து வருடம் கரும்பலகை முன்னால் நின்றது பங்களிப்புக் கணக்கில் வராது. நகாரா தீர்ப்பு உழைப்பு என்று எழுதிய இடத்தில் 2003ஆம் வருட ஆணை சந்தா என்று எழுதியது.

நகாரா வழக்கில் இன்னொன்றும் உண்டு. அந்த வழக்கே ஒரு தேதியை எதிர்த்துத்தான். 1979 மார்ச் 31க்கு முன்னால் ஓய்வுபெற்றவர்களுக்கு ஒரு கணக்கு, பின்னால் ஓய்வுபெற்றவர்களுக்கு வேறு கணக்கு. ஒரே வேலையைச் செய்தவர்களை ஒரு தேதியை வைத்து இரண்டாகக் கிழிப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்டை அழித்தது. இருபது வருடத்தில் இன்னொரு கோடு வந்துவிட்டது. இந்தமுறை கோடு ஓய்வுபெறும் தேதியில் விழவில்லை, வேலையில் சேரும் தேதியில் விழுந்தது. ஓய்வுபெற்றவர் பாதிக்கப்பட்டால் நாளைக்கே வழக்குப் போடுவார். இன்னும் வேலைக்கே சேராதவர் எங்கே போய் நிற்பார்? வழக்காட ஆளில்லாத இடத்தில் கோட்டைப் போட்டார்கள்.

*

எங்கள் வீட்டில் இந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் ஆள் உண்டு.

அப்பா பள்ளி ஆசிரியராக இருந்து 2001இல் ஓய்வுபெற்றார். மாதப் பிறப்பில் அவர் கணக்கில் பணம் விழுகிறது. அகவிலைப்படி ஏறும்போது அதுவும் ஏறுகிறது. 80 வயதைத் தாண்டியதும் 20 சதவிகிதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். இதை யோசித்துப்பாருங்கள். வயது ஏற ஏற மருந்துச் செலவு ஏறும் என்று தெரிந்து, அதற்கேற்ற மாதிரி யாரோ ஒரு விதியை எழுதிவைத்திருக்கிறார்கள். அப்பா இன்னும் எத்தனை வருடம் இருந்தாலும் அந்த ஏற்பாடு அவருக்கு முன்னால் தீர்ந்துபோகாது.

அக்கா 2006இல் பட்டதாரி ஆசிரியை ஆனாள். அப்பா செய்த அதே வேலை. அவளுக்கு சி.பி.எஸ். வருடாவருடம் ஒரு கணக்குத்தாள் வரும்: நீ போட்டது இவ்வளவு, அரசு போட்டது இவ்வளவு, வட்டி இவ்வளவு. ஒருநாள் அந்தத் தாளை மடக்கி வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "எனக்க பைசா எங்க இருக்குன்னு கேட்டா பத்திரமா இருக்குன்னு சொல்லுதாவ. பத்திரமா இருக்கது வேற, நான் கெடக்கையில எனக்கு மாசாமாசம் வாறது வேற இல்லியா?"

இதைவிடச் சுருக்கமாக இந்தத் திட்டத்தை விமர்சித்து நான் வாசித்ததில்லை. ஏனென்றால் தமிழ்நாட்டின் கதை மற்ற மாநிலங்களின் கதை அல்ல. மத்திய அரசு 2004 ஜனவரி 1 முதல் என்.பி.எஸ். கொண்டுவந்தது. அதில் ஊழியரின் பணம் நிதி மேலாளர்களிடம் போய்ப் பங்கிலும் பத்திரத்திலும் முதலீடாகும். ஓய்வுபெறும்போது 60 சதவிகிதம் வரை கையில் கிடைக்கும். மீதியை வைத்துக் காப்பீட்டு நிறுவனத்திடம் மாத வருமானத் திட்டம் வாங்கிக்கொள்ள வேண்டும். மாதம் எவ்வளவு வரும் என்பது அன்றைய சந்தையையும் அன்றைய வட்டியையும் பொறுத்தது. மேற்கு வங்கம் பழைய திட்டத்தை விடவேயில்லை. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாக என்.பி.எஸ்.ஸில் சேர்ந்தன. தமிழ்நாடு மட்டும் நடுவில் நின்றது. பிடித்த பணத்தை ஓய்வூதிய ஒழுங்காற்று ஆணையத்திடம் ஒப்படைக்கவில்லை. தானே வைத்துக்கொண்டு சேமநலநிதிக்குக் கொடுக்கும் வட்டியைக் கொடுத்தது. ஓய்வுபெற்றவர்களுக்குச் சேர்ந்த தொகை மொத்தமாகக் கிடைத்தது. மாத ஓய்வூதியம் கிடைக்கவில்லை.

ஆக, பங்குச்சந்தைக்கு அந்தப் பணம் போகவில்லை. தனியார் நிறுவனத்துக்கும் போகவில்லை. அப்படியானால் இங்கே ஓய்வூதியம் தனியார்மயமாகவில்லை என்று சொல்லலாமா? தொழிற்சங்க மேடைகளில் "எங்கள் பணத்தைச் சூதாட்டத்தில் விடாதே" என்ற முழக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும். முழக்கம் தில்லிக்குப் பொருந்தும். சென்னைக்கு அப்படியே பொருந்தாது.

இங்கேதான் இரண்டாவது சொல்லிடம் வருகிறோம். தனியார். அதைக் கேட்டதும் நமக்கு ஒரு கம்பெனியின் பெயர்ப்பலகை கண்ணில் வருகிறது. சொல்லைப் பிரித்துப் பாருங்கள். தனி, ஆர். தனியாக இருப்பவர். நான் எந்த வயதில் சாவேன் என்று எனக்குத் தெரியாது. 62இலும் போகலாம், 95 வரை இழுத்துக்கொண்டும் கிடக்கலாம். ஆனால் பத்து லட்சம் பேரைச் சேர்த்து எடுத்தால், அதில் எத்தனை பேர் 85ஐத் தாண்டுவார்கள் என்று ஓரளவுக்குக் கணக்குப் போட்டுவிட முடியும். சீக்கிரம் போனவரின் மிச்சம் நெடுநாள் இருப்பவருக்கு உதவும். கூட்டமாக இருந்தால் மட்டுமே செய்யக்கூடிய கணக்கு இது. ஓய்வூதியம் என்ற ஏற்பாடே இதுதான். கூட்டத்தைக் கலைத்து, ஆளுக்கொரு கணக்கு எண்ணையும் ஆளுக்கொரு மொத்தத் தொகையையும் கையில் கொடுத்து, இனி நீ பார்த்துக்கொள் என்று சொன்ன நிமிடத்தில் அவர் தனியார் ஆகிவிடுகிறார். பணம் அரசுக் கருவூலத்திலேயே இருந்தாலும் சரி. 2003இல் தமிழ்நாடு செய்த தனியார்மயம் இது. சந்தைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல், நெடுநாள் வாழ்ந்துவிடுவோமோ என்ற பயத்தை மட்டும் ஆசிரியையின் தலையில் இறக்கிவைத்தது.

மொத்தத் தொகை எங்கள் ஊரில் என்னவாகும் என்று மார்த்தாண்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகளுக்கு நகை. மகனுக்கு விசா. பாதியில் நிற்கும் வீட்டுக்கு மாடி. மாதாமாதம் வருவதை ஒரே நாளில் யாரும் கேட்டு வாங்க முடியாது. மொத்தமாக வருவதைச் சொந்தக்காரர்கள் அனைவரும் கேட்கலாம், கொடுக்காமல் இருக்கவும் முடியாது.

*

மார்த்தாண்டத்திலிருந்து மேற்கே பத்துக் கிலோமீட்டர் போனால் களியக்காவிளை. அதைத் தாண்டினால் பாறசாலை, கேரளம். 1956 நவம்பர் 1 வரை எல்லாம் ஒரே திருவிதாங்கூர். இன்றைக்கும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் அந்த எல்லை எங்களுக்கு எல்லையாகத் தோன்றுவதில்லை. ஆனால் ஓய்வூதியத்துக்கு உண்டு. கேரளத்தில் பங்களிப்பு ஓய்வூதியம் வந்தது 2013 ஏப்ரல் 1 முதல். அந்த ஜனவரியில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தும் உம்மன் சாண்டி அரசு பின்வாங்கவில்லை. கணக்கைப் பாருங்கள்: 2006இல் பாறசாலையில் சேர்ந்த ஆசிரியைக்குப் பழைய ஓய்வூதியம். அதே வருடம் மார்த்தாண்டத்தில் சேர்ந்தவளுக்குக் கணக்குத்தாள். இரண்டு பேரும் ஒரே மழையில் நனைகிறவர்கள். அரிசி விலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"வேறு வழியில்லை, நிதி அனுமதிக்காது" என்று சொல்லும் பொருளாதார மொழியின் மேல் எனக்குச் சந்தேகம் வருவது இந்தப் பத்துக் கிலோமீட்டரால்தான். கணிதம் கட்டாயப்படுத்தியிருந்தால் அது களியக்காவிளை சோதனைச்சாவடியில் பத்து வருடம் நின்றிருக்காது. தேதியைத் தீர்மானித்தது அரசியல். அரசியலை அரசியல் என்று சொல்லிவிட்டால் விவாதிக்கலாம். அதைக் கணக்கு என்று சொன்னால் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதே மொழியை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த நாடு சிலி. பினோசெட்டின் ராணுவ ஆட்சியில், அமைச்சர் ஹோசே பின்யேரா 1981இல் அரசு ஓய்வூதியத்தைத் தனியார் நிதி நிறுவனங்களிடம் மாற்றினார். உலக வங்கியின் 1994 அறிக்கை அந்த வழியைப் பல நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. 2016இல் அதே சிலியில் லட்சக்கணக்கானவர்கள் அந்த நிறுவனங்களை மூடு என்று தெருவில் இறங்கினார்கள். சிலியின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. எல்லோருக்கும் நல்லது என்று சொல்லப்பட்ட அந்தப் புதிய திட்டத்தில் ராணுவமும் போலீசும் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்குப் பழையதே தொடர்ந்தது. இந்தியாவில் என்.பி.எஸ். வந்தபோதும் முப்படைகளுக்கு விலக்கு. படைவீரருக்கு உறுதி வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. யாரைச் சந்தையிடம் விடக்கூடாது என்று அரசு நினைக்கிறதோ அவர்களை அது விடுவதில்லை. சந்தையின் மேல் அரசுக்கே உள்ள நம்பிக்கையை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் உண்டா?

*

இதுவரை எழுதியதை ஒரு தொழிற்சங்கத் தோழர் வாசித்தால் கைதட்டுவார். இனி எழுதப்போவதற்குத் தட்டுவாரா என்று தெரியவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு மாமி இருபது வருடம் அண்டி ஆபீசில் வேலை பார்த்தவர். முந்திரி ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். தல்லு, பீலிங், கிரேடிங் என்று எல்லாப் பிரிவிலும் உட்கார்ந்திருக்கிறார். தோட்டின் எண்ணெய் பட்டு விரல்நுனி கறுத்துப்போனது இன்றுவரை மாறவில்லை. அவருக்கும் ஓய்வூதியம் உண்டு. 1995ஆம் வருடத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். மாதம் 1,286 ரூபாய். "எனக்க பென்சன் அரி மேடிக்கதுக்கே காணாது மக்களே" என்பார் சிரித்துக்கொண்டு. அந்தத் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் ஆனது. அதற்குப் பிறகு எத்தனையோ கோரிக்கை மனுக்கள் போய்விட்டன. ஆயிரம் ஆயிரமாகவே இருக்கிறது.

மாமியின் இடத்திலிருந்து பார்த்தால் அந்த என்.பி.எஸ். கதை வேறு மாதிரி தெரியும். அதற்கு அடித்தளமான அறிக்கையின் பெயர் ஓயாசிஸ். பாலைவனச் சோலை. எஸ்.ஏ. தவே தலைமையிலான குழு 2000 ஜனவரியில் கொடுத்தது. அந்த அறிக்கை அரசு ஊழியர்களுக்காக எழுதப்பட்டதே அல்ல. எந்த ஓய்வூதியமும் இல்லாத முறைசாராத் தொழிலாளர்களுக்காக எழுதப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு, இளமையிலேயே சிறிதுசிறிதாகச் சேமிப்பு, தன் முதுமையைத் தானே தாங்குதல் என்பது அதன் கனவு. மாமியை மனதில் வைத்து எழுதிய பிரதி. ஆனால் அதன் அச்சில் வார்த்த திட்டம் முதலில் யார்மேல் விழுந்தது? ஏற்கெனவே உறுதியான ஓய்வூதியம் வைத்திருந்த அரசு வேலைகளின் மேல். பொதுமக்களுக்கு என்.பி.எஸ். திறந்தது 2009 மே மாதத்தில்தான். இல்லாதவருக்குக் கொடுக்க வரைந்த திட்டத்தை, இருப்பவரிடமிருந்து எடுக்கப் பயன்படுத்தினார்கள். மாமி அறிக்கையின் முன்னுரையில் மட்டும் வாழ்ந்துவிட்டுப் போனார்.

அரசியல் கட்சிகளும் சங்கங்களும் பேசும் மொழியிலும் மாமி இல்லை. ஒரு தரப்பு "சுமை" என்கிறது. சம்பளமும் ஓய்வூதியமும் வட்டியும் போனால் அரசிடம் என்ன மிஞ்சும் என்று கேட்கிறது. ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாச்சல் என்று ஐந்து மாநிலங்கள் பழைய திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்தபோது, வருங்காலத்தின் தலையில் கடனை ஏற்றுகிறீர்கள் என்று ரிசர்வ் வங்கி எச்சரித்தது. அந்த எச்சரிக்கை பொய் என்று எனக்குப் படவில்லை. பழைய ஓய்வூதியத்துக்கென்று தனி நிதி கிடையாது. அந்தந்த வருட வரியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். மறுதரப்பு "உரிமை" என்கிறது. அதுவும் சரி. ஆனால் அந்த வரியில் மாமி வாங்கும் சோப்புக்கும் சீலைக்கும் கொடுத்த வரியும் இருக்கிறது. உரிமை என்று முழங்கும் பேச்சு அவருடைய காசைப் பெற்றுக்கொண்டு அவர் பெயரைச் சொல்லாமல் போகிறது. சுமை என்று கணக்குப் போடும் பேச்சு அவர் பெயரைச் சொல்லி அக்காவிடமிருந்து பிடுங்குகிறது. பிடுங்கியது மாமியிடம் வந்துசேர்ந்ததா என்றால், அதுவும் இல்லை.

வறியவர்களுக்கான முதியோர் ஓய்வூதியத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 1962இல் 20 ரூபாயில் தொடங்கியது, இன்று 1,200 ரூபாய். அதில் 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு மத்திய அரசு கொடுப்பது 200 ரூபாய். 2007இலிருந்து அந்த 200 மாறவில்லை. அகவிலைப்படி என்ற சொல் அந்த முதியவரின் அகராதியில் இல்லை.

*

நம்முடைய இலக்கியம் இதைப் பேசியிருக்கிறதா? பென்ஷன்காரர் நம் கதைகளுக்குப் புதியவர் அல்ல. சாய்வு நாற்காலி, செய்தித்தாள், காலை நடை, மருமகளோடு மௌனப் போர். அந்தக் கதைகளில் முதுமை ஒரு மனநிலையாக வருகிறது. அந்த மனநிலைக்குப் பணம் கட்டுவது யார் என்ற கேள்வி வருவதில்லை. எங்கள் மண்ணில் எழுதிய சிலர் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் போயிருக்கிறார்கள். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) காதல் கதையாக வாசிக்கப்படுகிறது. முதுமையின் கதையாக ஒருமுறை வாசித்துப்பாருங்கள். லிஸியின் தாத்தா கண்ணப்பச்சியை மரியாதையோடு உட்காரவைத்திருப்பது குடும்பத்தின் விளை. அது கரையக் கரைய அவரும் கரைகிறார். பனையேறி அன்பையனுக்கோ விளைகூடக் கிடையாது. கால் நடுங்கத் தொடங்கும் நாளில் பனையேறியின் ஓய்வு வயது முடிவாகிறது.

கவிமணியின் 'மருமக்கள்வழி மான்மியம்' இன்னும் நேரடியானது. கிழக்கே நாஞ்சில் நாட்டு வேளாளரின் பழைய சொத்துமுறையைக் கிண்டல் செய்த நூல் என்று பாடப்புத்தகம் சொல்லும். அது உண்மையில் ஒரு விதவையின் கேள்வி. காரணவர் கண்ணை மூடியதும் சொத்து மருமகனுக்குப் போகிறது. அவரோடு வாழ்ந்தவளுக்கு நாளைக்குக் கஞ்சி யார் ஊற்றுவது? சொத்துக் கணக்கையும் சோற்றுக் கவலையையும் ஒரே பெண்குரலில் சேர்த்ததுதான் அதன் பலம். 1926இல் திருவிதாங்கூர் சட்டமே மாறியது. ஒரு நூலால் மாறியது என்று சொன்னால் மிகை. ஆனால் சட்டத்தில் இல்லாத ஒருத்தியைப் பேசவைத்து, கேட்கவும் வைத்தது அந்த நூல். கணக்குத்தாளை மடக்கிவைக்கும் ஆசிரியை, கறுத்த விரலோடு ஆயிரத்துச் சொச்சத்தை எண்ணும் கிழவி, இவர்கள் பேசும் கதை ஒன்றை நான் இன்னும் வாசிக்கவில்லை.

*

காட்சி இப்போது மாறியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. 25 வருடம் வேலை செய்தவருக்குக் கடைசி ஒரு வருடச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி உறுதி. தமிழ்நாட்டில் 2016இல் சாந்த ஷீலா நாயர் தலைமையில் ஒரு குழு, 2021இல் பழைய திட்டம் வரும் என்று தி.மு.க. தேர்தல் வாக்குறுதி, 2025 பிப்ரவரியில் ககன்தீப் சிங் பேடி தலைமையில் இன்னொரு குழு என்று இழுத்து, 2026 ஜனவரி 3 அன்று மு.க. ஸ்டாலின் தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தார். கடைசிச் சம்பளத்தில் 50 சதவிகிதம் ஓய்வூதியம், அகவிலைப்படி உயர்வு உண்டு, ஊழியரின் 10 சதவிகிதப் பிடித்தமும் தொடரும். பழையதா புதியதா என்று சண்டை நடக்கிறது. நடக்கட்டும்.

நான் கவனிப்பது அந்தப் பெயரடை மாறியதை. பங்களிப்பு போய் உறுதி வந்திருக்கிறது. இருபத்துமூன்று வருடம் தெருவில் நின்றவர்கள் ஒரு சொல்லைத் திருப்பி வாங்கியிருக்கிறார்கள். சின்ன விஷயம் இல்லை. நிதி அனுமதிக்காது என்று சொன்னவர்களே பிறகு உறுதி கொடுக்கிறார்கள் என்றால், உறுதி கொடுப்பது முடியாத காரியம் அல்ல என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம். ஒருமுறை ஒப்புக்கொண்டதை அரசு ஊழியரோடு நிறுத்திக்கொள்ள என்ன காரணம்?

அடுத்த போராட்டப் பந்தலில் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். அக்காவின் சங்கம் தன் கோரிக்கைப் பட்டியலில் அண்டி ஆபீஸ் மாமியின் ஆயிரத்தையும், அந்த 200 ரூபாயையும் எழுத வேண்டும். கருணைக்காக அல்ல. தன் முதுமைக்கு வரி கட்டுகிறவளைக் கூட்டத்துக்கு வெளியே நிறுத்தினால், அடுத்தமுறை ஏதோ ஒரு ஏப்ரலில் ஏதோ ஒரு அரசு அவளையே காட்டி மறுபடியும் கோடு போடும். கூட்டம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு அந்தக் கணக்கு நிற்கும். சிறியதாக வைத்துக்கொண்டால், உள்ளே இருப்பவர்களும் ஒருநாள் தனியார்தான்.